சோதனை என்று ஒட்டியிருந்தது

முஃப்லிஹா வேலை பார்த்த கந்தோர் புத்தளம் நகரில், ஒரு டயர்க் கடையின் மாடியில் இருந்தது. நடத்துகிறவர் றஊப், எல்லாருக்கும் றஊப் நானா. உப்பளக்காரர்கள், பாடசாலைகள், வெங்காய வியாபாரிகள், மீனவர் சங்கங்கள் என்று இந்தக் கரையோரத்தில் யாருக்கு மென்பொருள் தேவைப்பட்டாலும் அந்த மாடிப்படியில்தான் ஏறுவார்கள். மென்பொருளை எழுதுவது மற்றவர்கள் வேலை. அதற்குள் வந்து சேரும் தரவுகளைக் காப்பாற்றி வைத்திருப்பது முஃப்லிஹாவின் வேலை.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு தரவுத்தளம். அதுவும் ஒன்றாக இல்லாமல் மூன்று பிரதிகளாக, கொள்கலன் எனப்படும் தனித்தனி மென்பொருள் கூடுகளில், கொழும்பில் வாடகைக்கு எடுத்த கணினிகளில் ஓடும். ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பெடுக்கும். மூன்றையும் சேர்த்துக் கிளஸ்டர் என்பார்கள். கிளஸ்டர்களின் பெயர்களோ எழுத்தும் இலக்கமும் கலந்தவை. பார்த்து எது யாருடையது என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொன்றிலும் லேபல் ஒட்டியிருக்கும். இடம் இது, பொறுப்பு இவர், நிலை இது என்று ஓரிரு சொற்கள். லேபலைத் தவிர, நீளமாகக் குறிப்பும் எழுதி வைக்கலாம். 'இந்த லேபல் உள்ளதையெல்லாம் எடு' என்றால் கணினி உடனே பொறுக்கித் தரும். குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும் அதை வைத்து அது எதையும் பொறுக்காது. குறிப்பு, வாசிக்கிற மனிதருக்கு.

ஒக்டோபர் தொடக்கத்தில் கொழும்புக் கணினிகளில் இடம் நெருக்கடியாகிவிட்டது. உப்பளச் சங்கத்தின் இணையப் பக்கம் திறக்கவே யுகமாகிறது என்று முறைப்பாடு. முஃப்லிஹா தேடிப் பார்த்தாள். உண்மையான பாவனையில் உள்ள கிளஸ்டர்களைவிட, பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கியவையும் பாதியில் கைவிட்டவையும்தான் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன.

"அதுகளத் தூக்கி எறியலாமா?" என்றார் றஊப் நானா.

"எறிய வேணாம் நானா. உறங்க வைப்பம். கொள்கலன் எல்லாம் நிண்டுடும், ஆனா தரவு டிஸ்கில அப்படியே இருக்கும். வெள்ளிக்கிழமை பகலோட உறங்க வச்சா, திங்கக்கிழமை எழுப்பலாம்."

"செய். ஒருத்தர்ட வேலையும் கெடப்படாது, அவ்வளவுதான்."

அவள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். 'நிலை: சோதனை' என்ற லேபல் ஒட்டிய கிளஸ்டர்களை எல்லாம் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உறங்கு என்று கட்டளை கொடுக்கும் நிரல். அதை ஓடவிடுவதற்கு முதல் பக்கத்து மேசைக்குத் திரும்பிக் கேட்கவும் செய்தாள். பக்கத்து மேசை கில்பட்டுடையது. கற்பிட்டிப் பையன், மீன்பிடிக் குடும்பம். கடலோடு சம்பந்தப்பட்ட மென்பொருள் எல்லாம் அவன் எழுதியதுதான்.

"கில்பட், சோதனை எண்டு லேபல் இருக்கிறதெல்லாம் சோதனைதானே?"

"ஓம், ஓம்," என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குச் சற்று முன், கிளஸ்டர்கள் ஒவ்வொன்றாக உறங்கின. நெரிசலைக் காட்டும் கோடு மளமளவென்று கீழே இறங்கியது. உப்பளச் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள், சட்டென்று திறந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. றஊப் நானாவும் மற்ற ஆண்களும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். கில்பட் சாப்பிடப் போனான். முஃப்லிஹா உள்ளறையில் லுஹர் தொழுதுவிட்டு வந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைப் பிரித்தாள்.

கில்பட்டின் போன் மேசையில் சார்ஜில் கிடந்து அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மற்றவர் போனை எடுக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் திரையில் 'சுதர்சினி அக்கா, பள்ளிவாசல்துறை' என்று தெரிந்தது. விடாமல் அடிக்கவே எடுத்தாள்.

"கில்பட், என்னடா நடந்தது? டெப்லட் சுத்திக்கொண்டே நிக்குது. போட் எல்லாம் வந்துகொண்டிருக்கு, ஒண்டையும் பதிய ஏலாமக் கிடக்கு!"

"நான் முஃப்லிஹா கதைக்கிறன், கந்தோர்ல இருந்து. எந்த போட்?"

சுதர்சினி பள்ளிவாசல்துறை மீனவர் சங்கத்தில் வேலை செய்கிறவள். படகு புறப்படும்போது, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஓட்டி சொல்வதை டெப்லட்டில் பதிவாள். திரும்பி வந்ததும் 'கரை சேர்ந்தது' என்று அமத்துவாள். உடனே அந்த வீட்டுக்கு மெசேஜ் போகும். சொன்ன நேரம் தாண்டியும் வராவிட்டால் வேறொரு மெசேஜ் போகும்: படகு இன்னும் திரும்பவில்லை, சங்கத்துடன் தொடர்புகொள்ளவும். கில்பட் அதை ஒரு பரீட்சையாகத்தான் தொடங்கினான். இரண்டு மூன்று படகுகளோடு ஆரம்பித்தது, மற்றவர்களும் கேட்டுக் கேட்டுச் சேர்ந்ததில் துறை முழுக்கப் பரவிவிட்டது. எந்த நாளில் அது பரீட்சையாக இருந்தது முடிந்து உண்மையானது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. லேபலை மாற்றவும் யாருக்கும் தோன்றவில்லை.

முஃப்லிஹா இடத்தின் பெயரை வைத்துத் தேடினாள். கிளஸ்டர் கிடைத்தது. உறங்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தபோது கில்பட் எழுதிய குறிப்பும் இருந்தது: 'இது இப்போது உண்மையான பாவனையில் உள்ளது. எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். கடலில் ஆட்கள்.'

உறக்கத்தை நீக்கும்படி உடனே கட்டளை கொடுத்தாள். முதலில் தலைமைப் பிரதி எழுந்தது, பின்னால் மற்ற இரண்டும். பதிவுகளைச் சரிபார்த்தாள். ஒன்றும் அழியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்," என்று வாய்விட்டே சொன்னாள்.

"அக்கா, இப்பப் பாருங்க."

"வந்திட்டுது, வந்திட்டுது. பொறுங்க மிஸ், ஒவ்வொண்டாப் பதியிறன்."

பதிவதற்கு அவளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. எழுந்த தரவுத்தளத்தைக் கண்டதும் கில்பட்டின் மென்பொருள் தன் வழக்கமான வேலையைச் செய்தது. படகுகள் எல்லாம் இன்னும் கடலில் இருப்பதாகப் பதிவு. பலவற்றுக்குச் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. அத்தனை வீடுகளுக்கும் அது ஒரே மூச்சில் மெசேஜ் அனுப்பியது. படகு இன்னும் திரும்பவில்லை.

போனில் முஃப்லிஹாவுக்குத் துறையின் சத்தம் கேட்டது. முதலில் யாரோ ஒரு பெண் ஓடிவந்து கத்தினாள். பிறகு இன்னும் பெண்கள். பிறகு ஒரு ஆண் குரல், "நான் இங்கதானே நிக்கிறன்! வலையப் பிடி!" என்றது. அதன் பிறகு சிரிப்பு. சிரிப்போடு ஏச்சும் கலந்து வந்தது.

"எல்லாருக்கும் போயிருக்கு மிஸ்," என்றாள் சுதர்சினி. "போட் கரையில நிக்கிற ஆக்களுக்கும் போயிருக்கு. ஒருத்தர்ட மனிசி அழுதுகொண்டு வந்து, ஆளக் கண்டவுடனே அடிச்சுப்போட்டா."

அந்த நேரம் கில்பட் படியேறி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"நான் அதில வடிவா எழுதித்தானே வச்சிருக்கிறன், நிறுத்த வேணாம் எண்டு! வாசிக்கேல்லையா?"

"நீங்க குறிப்பில எழுதியிருக்கிறீங்க. லேபல்ல சோதனை எண்டு இருக்கு. லேபலத்தான் அது பார்க்கும்."

"ஒரு ஆள் பார்க்கலாம்தானே?"

"உங்ககிட்டக் கேட்டேன்தானே கில்பட்? ஓம் எண்டு சொன்னீங்க."

கில்பட் கதிரையை இழுத்து உட்கார்ந்தான். "சரி, விடுவம். எல்லாருக்கும் இன்னொரு மெசேஜ் போடுறன். முந்தி வந்தது பிழை, கவனத்தில எடுக்க வேணாம் எண்டு."

விசைப்பலகையில் கை வைக்கப்போனவனை முஃப்லிஹா நிறுத்தினாள்.

"பொறுங்க. எல்லாம் பிழை எண்டு எப்படித் தெரியும்?"

"எல்லா போட்டும் வந்திட்டுதாமே."

"ஆர் சொன்னது?"

அவள் மறுபடி சுதர்சினிக்குப் போன் எடுத்தாள். "அக்கா, ஒரு உதவி. இப்ப டெப்லட்ட எடுத்துக்கொண்டு கரையில நடங்க. உங்கட கண்ணால காண்ற போட்ட மட்டும் பதியுங்க. வந்திட்டுது எண்டு ஆரும் சொன்னாப் பதிய வேணாம்."

"இந்த வெயிலுக்குள்ளயா மிஸ்? எல்லாரும் வந்திட்டினம் எண்டுதான் சொல்லுகினம்."

"கோபிக்காதீங்க அக்கா. கண்ணால கண்டதை மட்டும்."

சுதர்சினி நடந்தாள். கந்தோரில் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகுகளின் பெயர்களுக்கு எதிரே 'கரை சேர்ந்தது' ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசியில் ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. பேதுருவின் படகு.

"மீன் வாடிக்குப் பின்னால போட்ட ஏத்தியிருப்பார்," என்றான் கில்பட். ஆனால் அவன் குரலிலும் நம்பிக்கை இல்லை.

சுதர்சினி போய்ப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. பேதுருவும் அவரோடு போகும் மச்சானும் விடியக் கருக்கலில் புறப்பட்டவர்கள். மற்ற எல்லாருக்கும் முந்தி வந்திருக்க வேண்டியவர்கள். அவருடைய போன் தொடர்பில் இல்லை. பேதுருவின் மனைவி இசபெல் துறைக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள் என்று சுதர்சினியின் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். மெசேஜைக் கண்டு பதறி ஓடிவந்தவள், எல்லாப் பெண்களிடமும் அதே மெசேஜ் இருப்பதைக் கண்டு, மெஷினுக்குப் பைத்தியம் என்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளுக்குச் சொல்ல சுதர்சினியே போனாள். துறையில் சிரிப்பு நின்றுவிட்டது. சங்கத் தலைவர் கடற்படைக்கு அறிவித்தார். தெற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று இன்னும் முழுதாக ஓயவில்லை. எஞ்சின் நின்றிருந்தால் படகு வடக்கேதான் இழுபடும் என்று கணக்குப் போட்டு, இரண்டு படகுகள் பத்தலங்குண்டுப் பக்கம் புறப்பட்டன. அந்தத் தீவில் வாடி என்கிற குடிசை போட்டுத் தங்கியிருக்கும் மீனவர்களுக்கும் போனில் சொன்னார்கள்.

ஜும்ஆ முடிந்து வந்த றஊப் நானா முழுக்கதையையும் நின்றபடியே கேட்டார். யாரையும் ஏசவில்லை. வேனின் சாவியை எடுத்தார்.

"வாங்க, போவம். இங்க இருந்து திரையப் பார்த்து என்ன செய்ற."

பாலாவிச் சந்தியில் திரும்பி, கற்பிட்டி வீதியில் வேன் ஓடியது. வெங்காயப் பாத்திகளுக்கு மேலே நீர் தெளிக்கும் குழாய்கள் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றாலைகள் விசையாகவே சுழன்றன. கடலிலும் இதே காற்றுத்தானே என்று முஃப்லிஹா அவற்றைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"அந்த லேபல மாத்த எனக்கு ஒரு நிமிஷம்தான் போயிருக்கும்," என்றான் பின்னாலிருந்த கில்பட். "சோதனை எண்டதை அழிச்சுப்போட்டு வேறொரு சொல்லு. அவ்வளவுதான். குறிப்பு எழுத இருந்த நேரத்தில செய்திருக்கலாம்."

"எங்கட ஏரியாவ பஸ்காரன் இப்பவும் முகாம் எண்டுதான் கூப்பிடுறான்," என்றார் றஊப் நானா. அவரும் முஃப்லிஹாவின் வாப்பாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, இங்கே அகதி முகாமுக்கு ஒன்றாக வந்தவர்கள். "கல்வீடு கட்டி, பிள்ளைகளக் கட்டிக்குடுத்து, பேரப்பிள்ளையும் கண்டாச்சி. முகாம் இறக்கம் எண்டுதான் சொல்றான். நாங்களும் இறங்கிட்டுப் போறோம். பழகிட்டா கண்ணுக்குத் தெரியாது கில்பட்."

வேன் துறைக்கு வந்து சேர்ந்தது.

இசபெல் சங்கக் கட்டடத்தின் நிழலில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் செபமாலை. பக்கத்தில் நின்ற பெண்கள் முஃப்லிஹாவைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். அந்த விலகல் அவளுக்குச் சுட்டது. ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது. போய் முன்னால் நின்றாள்.

"நான்தான் அந்தத் தரவுத்தளத்தப் பார்க்கிற ஆள்," என்றாள். "இண்டைக்குப் பகல் அத நிறுத்தினதும் நான்தான். தெரியாமச் செஞ்ச பிழை. அதச் சொல்லத்தான் வந்தேன்."

இசபெல் நிமிர்ந்து பார்த்தாள். "எஞ்சின் நிண்டிருந்தா அது உங்களாலயா?"

"இல்ல."

"காத்து?"

"இல்ல அக்கா."

"அப்ப இருங்க," என்று பக்கத்துக் கதிரையைக் காட்டினாள்.

முஃப்லிஹா இருந்தாள். இசபெல் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே சொன்னாள்:

"அந்த மெசேஜ் வரேக்க எனக்கு உயிரே போயிட்டுது தங்கச்சி. ஓடி வந்தன். இங்க எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன். வீட்ட போய்க் கறிக்கு உப்புப் பார்த்தன். மனிசன் கடல்ல மிதக்குறான், நான் உப்புப் பார்க்கிறன். அதுதான் என்னால தாங்கேலாமக் கிடக்கு."

அந்த மெசேஜ்களில் ஒன்றே ஒன்று உண்மை. அது பொய்களோடு சேர்ந்து வந்ததால் பொய்யாகப் போனது. பிழை என்று இன்னொரு மெசேஜும் போயிருந்தால், மாலை வரைக்கும் இந்தப் பெண் அடுப்படியில்தான் இருந்திருப்பாள். முஃப்லிஹாவுக்கு இதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. கையை நீட்டி இசபெல்லின் முழங்கைமேல் வைத்தாள். இசபெல் அதை விலக்கவில்லை.

அஸர் நேரம் தாண்டி வெயில் சாயத் தொடங்கியபோது பத்தலங்குண்டு வாடியிலிருந்து சங்கத் தலைவருக்கு போன் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே கையை உயர்த்தினார். எல்லாரும் அவரைச் சுற்றி நெருங்கினார்கள்.

"கிடைச்சிட்டாங்க. ரெண்டு பேரும் சுகம். எஞ்சின் வேலை செய்யேல்லையாம், தண்ணி ஏறியிருக்கு. கட்டி இழுத்துக்கொண்டு வாறாங்க."

இசபெல் அழவில்லை. செபமாலையை முத்தமிட்டுச் சட்டைக்குள் போட்டாள். எழுந்து, அந்தக் கறியைச் சூடாக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

இருட்டுவதற்கு முன் படகு கரைக்கு வந்தது. பேதுரு உதடு வெடித்து, கண் சிவந்து இறங்கினார். கூடிநின்ற கூட்டத்தைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். "என்ன, பெருநாளா?" என்றார். யாரோ அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். சுதர்சினி டெப்லட்டோடு அவரருகே போய், தொட்டுப் பார்க்கிறவள்போல் நின்று, பிறகுதான் 'கரை சேர்ந்தது' என்று அமத்தினாள்.

திங்கட்கிழமை காலை கந்தோரில் முஃப்லிஹாவும் கில்பட்டும் ஒரே மேசையில் இருந்தார்கள். ஒவ்வொரு கிளஸ்டராகத் திறந்து, இது யாருடையது, இப்போது யார் பாவிக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேட்டுக் கேட்டு லேபல்களைத் திருத்தினார்கள். சோதனை என்று ஒட்டியிருந்தவற்றில் இன்னும் இரண்டு உண்மையில் சோதனை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. உறங்க வைக்கும் விதியையும் முஃப்லிஹா புரட்டிப் போட்டாள். இனிச் சோதனை என்பதற்காக எதுவும் உறங்காது. 'உறங்கலாம்: ஓம்' என்று சம்பந்தப்பட்டவர் தன் கையால் லேபல் ஒட்டினால்தான் உறங்கும். ஒட்டாதது விழித்தே இருக்கும்.

"எழும்பின கையோட மெசேஜ் போடாமச் செய்யிறன்," என்றான் கில்பட். "தரவுத்தளம் நிண்டு எழும்பினா, கரையில இருக்கிற ஆள் ஒருக்காச் சரி பார்க்கும் வரைக்கும் மெசேஜ் காத்திருக்கட்டும்."

"அந்த ஆளிட பேரையும் லேபல்ல போடுவம். பொறுப்பு: சுதர்சினி."

இதைக் கேட்கப் போன் போட்டபோது சுதர்சினி உடனே மறுத்தாள்.

"ஐயோ, என்ட பேரைப் போடாதீங்க மிஸ். தைக்கு எனக்குக் கலியாணம், சிலாபத்துக்குப் போயிடுவன். பிறகு உங்கட மெஷின் பள்ளிவாசல்துறைப் போட்டுக்கு என்னச் சிலாபத்தில தேடும்."

கில்பட் சிரித்துவிட்டான். முஃப்லிஹா அந்தப் பெயரை அழித்துவிட்டு, 'பொறுப்பு: பள்ளிவாசல்துறைக் கரை' என்று போட்டாள். அந்த வேலையில் யார் இருக்கிறார்களோ அவருடைய போனுக்கு, சரிபார்க்கச் சொல்லும் செய்தி போகும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பகல், உறங்க வேண்டியவை உறங்கின. முஃப்லிஹா சோற்றைப் பிரிக்காமல் பள்ளிவாசல்துறைக்குப் போன் எடுத்தாள்.

"எல்லாம் ஓடுது மிஸ்," என்றாள் சுதர்சினி. "பேதுரு அண்ணனும் இண்டைக்குத்தான் கடலுக்குப் போனவர், எஞ்சின் திருத்தி. இப்ப வாற நேரம். இசபெல் அக்கா எனக்குப் பக்கத்தில கதிரை போட்டுக்கொண்டு இருக்கிறா."

"மெசேஜ் வரும்தானே? ஏன் வெயில்ல வந்து நிக்கிறா?"

"நானும் அதத்தான் கேட்டன். மெசேஜ் வேணாமெண்டா நிப்பாட்டட்டா எண்டும் கேட்டன்." சுதர்சினி குரலைத் தாழ்த்தினாள். "நிப்பாட்ட வேணாமாம். ரெண்டும் வேணுமாம்."